வாசலை மறித்த பொட்டி

எங்கள் வீட்டுக்குள் நேராக நடந்து நுழைந்தவர் யாரும் கிடையாது. எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் உள்ளே வந்தோம். ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வீடு அது. நீளமாக ஒரு நடை, நடையின் இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். தெருக்கதவைத் தாண்டியதும் நடையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு பியானோ நிற்கும். அதற்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில் பொட்டிக்காரம்மா.

ஆர்மோனியத்தைப் பொட்டி என்று சொல்லிப் பழகிய தெரு, பியானோ வந்ததற்காகப் புது வார்த்தை தேடிக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் பாட்டில் போட்டுச் சந்தி சிரிக்க வைத்தவள், தன் பெயரை மட்டும் யார் வாயிலும் விழாமல் பார்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் அவள் பொட்டிக்காரம்மா. அடுத்த அறைக்காரி என்பதால் எனக்கு மட்டும் அக்கா.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். புருஷன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் அறைக்கும் அக்கா அறைக்கும் நடுவில் இருந்தது சுவர் இல்லை, பலகை. அவள் மூக்குப்பொடி போட்டால் எனக்குத் தும்மல் வரும். சட்டைக்கை வைத்த ரவிக்கை, தோளில் புரூச் குத்திய சேலை, குதி உயர்ந்த செருப்பு என்று சீமாட்டி மாதிரி உடுத்திக்கொண்டு, இடுப்பில் பொடி மட்டையைச் சொருகியிருப்பாள். பியானோவின் வெள்ளைக் கட்டைகள் எல்லாம் பொடி பட்டுப் பட்டு வெற்றிலை போடுகிறவன் பல் மாதிரி ஆகியிருந்தன.

அந்தப் பியானோ முதலில் துறைமுகத்துப் பக்கம் இருந்த கப்பல்காரர்கள் கிளப்பில் இருந்தது. அக்காவுக்கு அங்கே வேலை. கப்பலில் இருந்து இறங்கிக் கிளப்புக் கதவைத் திறக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவன் ஊர் மெட்டில் நாலு சொட்டு வாசித்து உள்ளே அழைக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். வெள்ளைக்காரன் போனபின் கிளப்பை மூடினார்கள். மேசை நாற்காலியை எல்லாம் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடல் காற்றில் ஊறி உப்பிப்போன பியானோவை யாரும் சீண்டவில்லை. நான் எடுத்துகினு போறேன் என்று அக்கா சொன்னாள். தாராளமாக எடுத்துப் போ என்று விட்டுவிட்டார்கள்.

தூக்கி வந்தவர்கள் நம் கடற்கரை ஆட்கள், வலை இழுக்கிறவர்கள். கயிறு கட்டி, கழி போட்டு, ஐலசா சொல்லி, தெருவே வேடிக்கை பார்க்கத் தூக்கி வந்தார்கள். தெருக்கதவை முழம் போட்டு அளந்தார்கள், சரியாக இருந்தது. உள்ளே இருக்கிற அறைக் கதவை யாரும் அளக்கவில்லை. படகைக் கரையேற்றிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது, அதற்குப்பின் எங்கே வைப்பது என்ற கேள்வியே அவர்கள் பிழைப்பில் கிடையாது. பியானோ நடைக்குள் வந்தது, அறைக்குள் போக மறுத்தது. திருப்பி வெளியே எடுக்கலாம் என்றால், உள்ளே வரும்போது கொடுத்த வளைவு வெளியே போகும்போது கொடுக்க முடியவில்லை. அங்கேயே நின்றது.

வீட்டுக்கார நாயக்கர் குதித்துக்கொண்டு வந்தார். வாசல்படியில் அவர் தலை தெரிந்ததும் அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பாட்டை நாங்கள் கேட்டோம்.

"ஆரு வர்றது ஆரு வர்றது
வாசப்படி மேலே
பேரு சொல்லு பேரு சொல்லு
பொறவு வையி காலை"

நாயக்கர் பியானோவுக்கும் சுவருக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டு வந்தார். அக்கா அவர் வருகிற வேகத்துக்குத் தாளத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டு,

"வாடக வாங்க மொதல்ல நம்ம
வவுறு வர்றது – அதும்
வாலப் புடிச்சி பின்னாடியே
நாய்க்கர் வர்றாரு"

என்று முடித்தாள். நடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். நாயக்கர் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், வயிறு குலுங்கிவிட்டது. பொட்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே பக்கவாட்டில் போனார்.

அதற்குப்பின் அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. தெருக்கதவைத் திறக்கிற யாரும் படியில் நிற்க வேண்டும். பல்லவி முடிய வேண்டும். தங்கள் வரி என்னவென்று கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும். வரியில் புகழ்ச்சி இருக்காது. மீன்காரம்மாவின் வரியில் நேற்றுப் பிடித்த வஞ்சிரம் கூடையில் கண் சிவந்து தூங்கிக்கொண்டிருக்கும். தவணைக்குத் துணி விற்க வருகிற வண்ணாரப்பேட்டை பாய்க்கு, காட்டும்போது நீள்கிற கை அளக்கும்போது சுருங்கும். பாய் லேசுப்பட்டவரா, அவரும் அதே மெட்டில் இந்துஸ்தானியில் ஏதோ திருப்பிப் பாடுவார். அர்த்தம் புரியாவிட்டாலும் அது வசவு என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

"இத்தான் நைனா பாட்டு. நான் ஒண்ணு சொல்லணும், நீ ஒண்ணு சொல்லணும்" என்பாள்.

இந்தக் கெட்ட பழக்கம் கிளப்பில் ஆரம்பித்தது இல்லை. சின்ன வயதில் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரு படகு முதலாளி வாராவாரம் பாதியில் வந்து, எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போவாராம். ஒருநாள் கீர்த்தனை நடுவே, அதே பக்தியோடு, அதே ராகத்தில், முதலாளி வந்துவிட்டார், பரலோக ராஜ்ஜியத்தின் கதவைத் திறந்து வையுங்கள் என்று பாடிவிட்டாள். பாடகர் குழுவும் சேர்ந்து பாடிவிட்டது. அதோடு ஆர்கன் போயிற்று. ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு சிரிச்சிகினேதான் வெளிய போகச் சொன்னாரு. அதனால கோவம் வரல" என்றாள்.

அவளைக் கண்டால் ஆகாத ஒரே ஆள் எங்கள் வீட்டின் கடைசி அறையில் இருந்த வார்டன். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பொழுது சாய்ந்ததும் விளக்கெல்லாம் அணைக்கச் சொன்னார்களே, அப்போது இவருக்குத் தகரத் தொப்பியும் விசிலும் கொடுத்து வார்டன் ஆக்கியிருந்தார்கள். யுத்தம் முடிந்து தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபின்னும் நடையில் அந்த மிடுக்கு போகவில்லை. அவருக்கும் அக்காவுக்கும் விரோதம் வந்தது அந்தப் பியானோவால்தான்.

கடலோரத்தில் பியானோ ஈரம் குடிக்கும். கட்டைகள் உப்பி, அழுத்தினால் எழுந்திருக்காது. அதற்காகக் கிளப்பில் அதன் வயிற்றுக்குள் ஒரு மின்சார பல்பைக் கட்டி எப்போதும் எரியவிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. இருட்டடிப்பு நேரத்தில் ஊரே கறுப்பாக இருக்க, பியானோவின் இடுக்கு வழியாக மட்டும் மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. ரோந்து வந்த வார்டன் அதைக் கிளப் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். துறைமுகத்துக்கு எதிரில், கடலைப் பார்த்து, ஒளித்து வைத்த விளக்கு. எதிரிக் கப்பலுக்கு சைகை காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி விசில் ஊதிக்கொண்டே உள்ளே பாய்ந்தார். பியானோவைத் திறந்தார். பல்பும், அதன் சூட்டுக்கு ஒண்டியிருந்த ஒரு பல்லியும் இருந்தன. எதிராளியைப் பிடித்த திருப்தியோடு பல்பைக் கழற்றினார். கழற்றியதும் நிஜமாகவே இருட்டிவிட்டது. வார்டனுக்கு இருட்டு என்றால் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே காத்திருந்த பொண்டாட்டியைக் கூப்பிட்டார். அந்தம்மா உள்ளே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பல்பு பறிமுதல்.

அவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே அக்கா வரி கட்டிவிட்டாள்.

"ஊரு வெளக்க ஊதி அணைச்ச
வார்டன் வர்றாரு – அந்த
இருட்டப் பாத்து பொண்டாட்டி கைய
இறுக்கிப் புடிச்சாரு"

கப்பல்காரர்கள் ஒரு சொல்லும் புரியாமலே கைதட்டினார்களாம்.

பல்பு போனபின் வந்த மழைக்காலத்தில் பியானோவின் நடுக்கட்டை ஒன்று ஊமையாகிவிட்டது. அதற்குப்பின் அது பேசவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் மெட்டை மாற்றியிருப்பார்கள், அல்லது பக்கத்துக் கட்டையைத் தொட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். அக்கா அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கிவிடுவாள். தூக்கின கை சும்மா இருக்குமா, பொடியைக் கிள்ளி மூக்கில் வைத்து சர்ரென்று ஒரு உறிஞ்சல். பேரு சொல்லு பேரு சொல்லு என்று பாடி, ஒரு உறிஞ்சல் உறிஞ்சி, அப்புறம்தான் பொறவு வையி காலை. அவள் கட்டின அத்தனை மெட்டும் அந்த இடத்தில் ஒரு நொண்டு நொண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் மூக்கை உறிஞ்சுவது பாட்டில் சேர்த்திதான் என்றே நினைத்து வளர்ந்தன.

பொட்டி எங்கள் நடைக்கு வந்தபின் வார்டன் முன்வாசலையே விட்டுவிட்டார். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்கு வருவார், அந்த வயதில். அவர் பொண்டாட்டிக்கோ அந்த வரி தேன். அரைக்கும்போதும் துவைக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பாள். ஒருநாள் வார்டன் கேட்டே விட்டார்.

"இன்னாமே, ஊரு சிரிக்கிறது போதாதுன்னு நீ வேறயா?"

"ஊரு ஒன்ன சிரிக்குது. அந்தப் பாட்டுல ஒன் கையப் புடிச்சிகினு கீறது நானு. எனக்கு வேற எந்தப் பாட்டுல எடம் கீது?" என்றாள் அவள்.

மூலக்கொத்தளத்தில் இருந்து சாவுக்குப் பாடுகிற ஒருத்தர் அக்காவிடம் வருவார். நல்ல குரல். செத்தவரை வைத்துப் பாட ஒரு மெட்டும் நாலு வரியும் கேட்பார். அக்கா மெட்டு கொடுப்பாள், வரி கொடுக்க மாட்டாள்.

"செத்தவனைப் பத்தி நான் இன்னா சொன்னாலும் அவன் திருப்பிச் சொல்லமாட்டான். வாயில்லாதவன வம்புக்கு இழுக்கறது இன்னா பாட்டு? நான் செத்தவங்களப் பாட மாட்டேன்பா" என்று அனுப்பிவிடுவாள்.

இந்த விதி எங்கே போய் இடித்தது தெரியுமா. வார்டன் பொண்டாட்டி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். காரியம் எல்லாம் முடிந்து ஒருநாள் சாயங்காலம் தெருக்கதவு திறந்தது. படியில் வார்டன். சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த மனுஷன், முன்வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். அக்கா பல்லவியைப் பாடினாள். உறிஞ்சினாள். பொறவு வையி காலை என்று முடித்தாள். அதற்குமேல் வரவில்லை.

"இன்னா, நிறுத்திட்ட?" என்றார் வார்டன்.

"உள்ள வா வார்டன்."

"என் பாட்டு?"

"அதுல அவ கீறா. செத்தவங்களப் பாட மாட்டேன்."

"அவ இருக்கறது அந்தப் பாட்டுல மட்டுந்தான். போட்டோகூட எடுத்தது இல்ல" என்றார்.

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வேண்டுமானால் வேறு வரி கட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் பக்கவாட்டில் நுழைந்து போனார். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு வரியைப் பாடினால் வாய் வெந்துபோகுமா என்று பலகையைத் தட்டிக் கேட்டேன். அதற்குப்பின் தினமும் வார்டன் முன்வாசலில் வந்து நிற்பார், பல்லவி வரைக்கும் கேட்பார், உள்ளே போவார். இரண்டு பேரும் அதைப்பற்றி மறுபடி பேசவே இல்லை.

எனக்கும் அவளோடு ஒரு வழக்கு உண்டு. தெருவில் போகிற பிச்சைக்காரனுக்குக்கூட வரி இருந்தது, எனக்கு இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே வெளியே போய்ப் படியில் நின்றேன். அக்கா பொட்டியைத் தொடவே இல்லை.

"யக்கா, பாடு. வந்து நிக்கறேன் இல்ல?"

"நீ வர்றவ இல்லடி, இங்கியே கீறவ. கீறவளுக்கு எதுக்கு வரவேற்பு? போய் ஒலைய வையி" என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கிராமபோன் தட்டில் பாட வேண்டும். முனையில் இருந்த காபி ஓட்டலில் தட்டு சுழல்வதை ஒரு காபிக்கு வாங்கின நேரத்தைவிட ரொம்ப அதிகமாக உட்கார்ந்து பார்ப்பாள். தன் குரல், தன் பாட்டு, நடுவில் ஒட்டின காகிதத்தில் பாட்டைக் கட்டினது இன்னார் என்று தன் பெயர். ஆமாம், ஊரில் யாரும் உச்சரிக்கக்கூடாத அந்தப் பெயரைத் தட்டில் போட அவளுக்குச் சம்மதம்.

"நான் செத்தா இந்தக் கட்டைய வெறகாக்கி வெந்நி போட்டுடுவானுங்க. தட்டுல ஏத்திட்டா எவனும் அடுப்புல வைக்கமாட்டான்" என்று சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவள் எதையாவது கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது என்றால் மாதா படத்துக்கு முன்னால் இந்த ஒன்றைத்தான்.

மாதா காது கொடுத்தாள். ஒரு கல்யாண வீட்டில் அக்கா வாசித்ததைக் கேட்ட தட்டுக் கம்பெனிக்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்தார். அவரும் பியானோவில் இடுப்பை இடித்துக்கொண்டு, வெற்றிலைச் சிவப்பு பற்றி ஒரு வரி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அந்த வாசல் பாட்டே வேண்டும் என்றார். ஆனால் சில திருத்தம். மீன்காரம்மா, பாய், நாயக்கர் எல்லாம் வேண்டாம். பொதுவாக ராமன் வருகிறான், ராதை வருகிறாள் என்று இருக்கட்டும். அக்கா என்னைப் பார்த்தாள். எந்த மாற்றத்துக்கும் மசியாதவள், சரி என்றாள். அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்தச் சரியில் எனக்குத் தெரிந்தது.

துணைக்கு நான்தான் போனேன். டிராமில் மவுண்ட் ரோடு வரைக்கும் அவள் பொடி போடவே இல்லை. பாடுகிற அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. காற்றாடி கிடையாது, சத்தம் வரும் என்று. மெழுகுத் தட்டில் ஊசி கிழிக்க ஆரம்பித்துவிட்டால் முடிகிற வரைக்கும் வேறு சத்தம் வரக்கூடாது, தப்பு வந்தால் மெழுகு பாழ் என்று சொன்னார்கள். கம்பெனிப் பியானோ கறுப்பாகப் பளபளத்தது. அதில் எல்லாக் கட்டையும் பேசியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா ஆரம்பித்தாள். நான் அப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டதே இல்லை. ராமன் வந்தான், ராதை வந்தாள். பாதிக்குமேல் போய்விட்டது. அப்போது கதவு திறந்தது. டீ கொண்டு வருகிற ஆள், விளக்கைப் பார்க்காமல், தம்ளர் கூண்டோடு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். வைத்த காலை எடுக்கவும் பயந்து அப்படியே நின்றான்.

வாசலில் ஒருத்தன் நிற்கிறான். அக்கா கை பல்லவிக்குத் திரும்பிவிட்டது. உறிஞ்சினாள். வாய் தானாக,

"ஆவி பறக்க டீய எடுத்து
அண்ணன் வர்றாரு – அதுல
பாதி சிந்திப் பாதி குடிச்சி..."

என்று போக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நிறுத்து நிறுத்து என்று கை ஆடியது.

மெழுகு மாற்றினார்கள். கதவைத் தாழ் போட்டார்கள். மூக்கை உறிஞ்சக்கூடாது, அந்த இடத்தில் ஒரு சுரம் போடுங்கள், பாட்டு நொண்டுகிறது என்றார் கம்பெனி வாத்தியக்காரர். அக்கா மறுபடி உட்கார்ந்தாள். எங்கள் பொட்டியில் ஊமையான அந்தக் கட்டைக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள். தொடாமல் அப்படியே வைத்திருந்தாள். நன்றாகப் பேசுகிற கட்டைதான். அவளால் அழுத்த முடியவில்லை. அதற்கு அடுத்த தடவை சாத்தின கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பாடினாள், நடுவில் நின்றுபோனாள்.

"ஆரும் வரலயே சார். ஆரு வர்றதுன்னு ஆரைக் கேக்கறது?" என்றாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் காபி ஓட்டலில் அந்த மெட்டு ஒலித்தது. வேறு ஒரு பெண் பாடியிருந்தாள். ராமன், ராதை எல்லோரும் இருந்தார்கள். நொண்டுகிற இடத்தில் நல்ல சுரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை ஓட்டல்காரரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாட்டைக் கட்டினவர் என்று யாரோ ஒரு ஆம்பிளையின் பெயர் இருந்தது. அக்கா முழுசாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. கதவ சாத்திகினு பாடுது, அவ்ளோதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பொட்டியை மூடினாள். அதன் மேலேயே தலையை வைத்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன், வேறென்ன செய்ய. அதற்குப்பின் மூடி திறக்கவே இல்லை. ஜனங்கள் படியில் வந்து நிற்பார்கள், காத்துப் பார்ப்பார்கள், செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போவார்கள். மீன்காரம்மா வேண்டுமென்றே அழுகின மீனாகக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள், அதற்கும் அசையவில்லை. நாயக்கர் வாடகை வாங்கிய மறுநாளே மறுபடி வந்து நின்றார். திட்டு வாங்காமல் அந்த வீட்டுக்குள் போக யாருக்கும் கால் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஆள் ஒருத்தன் வாசலில் நின்றான். எனக்கு முகம் பார்த்த மாதிரி இருந்தது. அந்த டீக்காரன்.

"அம்மா, என்னால உங்க பாட்டு கெட்டுப்போச்சு. எனக்கும் அங்க வேலை போயிடுச்சு" என்றான்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நானும் சேலையை இழுத்துச் சொருகினேன்.

"அதில்லம்மா. என்னைப் பத்தி ஒண்ணு பாடினீங்களே, பாதியிலே நிறுத்திட்டாங்க. பாதி சிந்திப் பாதி குடிச்சி... அப்புறம் என்ன? அது தெரியாம மனசு கேக்கலை. அதான் விசாரிச்சுகினு வந்தேன்" என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள், பொடி மட்டையை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். மீதி வரியை இங்கே எழுத முடியாது. அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். முனை ஓட்டலிலேயே அவனுக்கு வேலை பார்த்துக் கொடுத்தோம்.

அதற்குப்பின் சில வருஷம் நன்றாகவே திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சிழுப்பு வந்தது. பொடிதான் காரணம் என்று டாக்டர் சொன்னார், டாக்டருக்கும் ஒரு வரி கிடைத்தது. ஒரு தை மாசத்து மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டி தெருக்கதவு வழியாக வந்தது, அறைக்குள் போக மறுத்தது. பியானோ விட்டால்தானே. அவளை அறையில் இருந்து தூக்கி வந்து, முக்காலி இருந்த இடத்தில் பெஞ்சு போட்டு, பொட்டிக்கு முன்னாலேயே வைத்தோம். புரூச் குத்தின சேலை. தலைமாட்டில் நான்.

தெருக்கதவு திறந்துதான் இருந்தது. வெளியே சனம் கூடிவிட்டது. நாயக்கர், பாய், மீன்காரம்மா, டீக்காரன், வலை இழுக்கிறவர்கள், புத்தகத்தோடு வயசான ஃபாதர். மூலக்கொத்தளத்துக்காரரும் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். ஒருத்தரும் வரவில்லை. படிக்கு இந்தப் பக்கம் யாரும் காலை வைக்கவில்லை. என்ன இது என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

மூலக்கொத்தளத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உத்தமியே, ஊர் மெச்சின குணவதியே என்று ஆரம்பித்தார். வார்டன் கையை நீட்டினார், பழைய மிடுக்கோடு.

"நிறுத்துபா. அது இந்தம்மா இல்ல. அதுவும் இல்லாம செத்தவங்களப் பாடறது இந்த வூட்ல கெடயாது" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ கேளும்மா. கேக்காம எப்பிடி உள்ள வர்றது?"

அந்தக் கூட்டத்தில் வரி இல்லாதவள் நான் ஒருத்திதான். எனக்கு அவள் ஏன் வரி கட்டவில்லை என்று அப்போது புரிந்தது. நான் பாடினால் எங்கள் வீட்டுக் காக்காய்கூடப் பறந்துபோகும். ஆனாலும் கேட்கிற இடத்தில் நிற்கிறவள் நான்தானே. கீறவள்.

"ஆரு வர்றது ஆரு வர்றது
வாசப்படி மேலே
பேரு சொல்லு பேரு சொல்லு..."

வார்டன் படியில் நிமிர்ந்து நின்றார். தன்னைக் கேலி செய்த வரியை, ஊர் கேட்க, தானே பாடினார்.

"ஊரு வெளக்க ஊதி அணைச்ச
வார்டன் வர்றாரு – அந்த
இருட்டப் பாத்து பொண்டாட்டி கைய
இறுக்கிப் புடிச்சாரு"

காலை உள்ளே வைத்தார். அப்புறம் வயிறு வந்தது, பின்னால் நாயக்கர் வந்தார். கண் சிவந்த வஞ்சிரம் வந்தது. பாய் தன் வரியையும் பாடி, அதற்குத் தன் பதிலையும் பாடினார். டீக்காரன் எழுதக்கூடாத வரியை, செத்த வீடு என்றும் பார்க்காமல், முழுசாகப் பாடிக்கொண்டு வந்தான். ஃபாதருக்கும் ஒரு வரி இருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் பக்கவாட்டில்தான் வந்தார்கள்.

ஒவ்வொருத்தருக்கும் நான் பல்லவியை முதலில் இருந்து பாட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஊமைக் கட்டை இருக்கிற இடத்தில் நின்றேன். வாசலில் இருந்தவர்களும் நடையில் இருந்தவர்களும் அங்கே ஒன்றாக மூக்கை உறிஞ்சினார்கள். பொடி போடுகிற பழக்கம் அவர்களில் ஒருத்தருக்கும் கிடையாது.